பார்க்கும் பிள்ளை படைக்கும் பிள்ளையாகட்டும்



பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கி வைப்பது இன்று நம் தாய்மாருக்கு நாளாந்தப் போராட்டமாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்திலும் சரி, மத்ரஸா வாசலிலும் சரி, தாய்மார் என்னிடம் சொல்லும் முதல் முறைப்பாடு இதுதான். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, படிப்புக்காக என்று நாமே கடன்பட்டு வாங்கிக் கொடுத்த போன் அது. ஊவாவின் மலைத்தோட்டங்களில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கு மேடு ஏறிய காலம் அது. பாடசாலைகள் திறந்து வருடங்கள் ஓடிவிட்டன. போன் மட்டும் பிள்ளைகளின் கையை விட்டு இறங்கவில்லை.

பறித்து வைத்தால் அழுகை. கொடுத்தால் முடிவில்லாத வீடியோ. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பிறர் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளையை, தானே ஒன்றைச் செய்யும் பிள்ளையாக மாற்றுவது. அதற்கு உதவும் ஒரு சிறிய கலையைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன். அதுதான் சித்திரக்கதை.

நமக்குப் புதியதா?

நாற்பது வயதைத் தாண்டிய சகோதரிகளுக்குச் சித்திரக்கதை புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸும், பின்னர் வந்த ராணி காமிக்ஸும் நம் ஊர்களிலும் கைமாறிக் கைமாறி அட்டை கிழியும்வரை வாசிக்கப்பட்டவை. இரும்புக்கை மாயாவியை அறியாத நானாமார் அந்தக் காலத்தில் குறைவு. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்து வாப்பாவிடம் அடி வாங்கியவர்களும் உண்டு.

அன்று சித்திரக்கதையை வாசிக்க மட்டுமே முடிந்தது. இன்று பாடசாலைப் பிள்ளைகள் தாங்களே அதை உருவாக்குவதற்கான இணையத்தளங்கள் வந்திருக்கின்றன. படம் வரையத் தெரியாத பிள்ளையும் அவற்றில் கதை செய்யலாம். வெற்றுக் கட்டங்கள் திரையில் வரும். மனிதர்கள், வீடு, மரம், மழை என்று ஆயத்தமாக வைத்திருக்கும் படங்களில் வேண்டியதைத் தெரிவு செய்து கட்டத்துக்குள் வைக்க வேண்டும். முகத்தைச் சிரிக்க வைக்கலாம், அழ வைக்கலாம். பேச்சுக் குமிழியை இழுத்து வைத்து அதற்குள் வசனத்தை எழுதினால் ஒரு கட்டம் முடிந்தது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் பில் சிம்மர்மன் 2006இல் ஆரம்பித்த 'மேக் பிலீவ்ஸ் காமிக்ஸ்' இவ்வகையில் முந்தியவற்றில் ஒன்று, அது இலவசமானது. கனடாவின் 'பிக்ஸ்டன்', அமெரிக்காவின் 'ஸ்டோரிபோர்ட் தட்' ஆகியவை பாடசாலைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் கொஞ்சம் இலவசம், மீதிக்குக் கட்டணம். அவுஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய 'கென்வா'வைத் திருமண அழைப்பிதழ் செய்வதற்காக நம் யுவதிகள் பலர் ஏற்கெனவே பாவிக்கிறார்கள். அதிலும் சித்திரக்கதைக் கட்டங்கள் உண்டு. தமிழ் எழுத்துகளும் உண்டு.

சென்னையில் பிறந்த ஒரு தளம்

இவை எல்லாமே மேல்நாட்டவர் செய்தவை என்று எண்ணிவிட வேண்டாம். உலகின் பல நாடுகளில் ஆசிரியர்கள் வகுப்பறையில் பாவித்த 'டூண்டூ' என்ற சித்திரக்கதைத் தளம் சென்னையில் செய்யப்பட்டது. இன்று ஸோஹோ என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனம் அன்று அட்வென்ட்நெட் என்று அழைக்கப்பட்டது. அதன் சிறுவர் பிரிவான 'ஜாம்பவ்' 2007இல் டூண்டூவை வெளியிட்டது. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய முகத்தைத் தாங்களே அமைக்கவும், பல சித்திரக்கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகம்போலத் தொகுக்கவும் அதில் வசதி இருந்தது.

இருந்தது என்று சொல்கிறேன். இன்று அந்தத் தளம் இல்லை. அதில் சேமித்து வைத்திருந்த கதைகளைத் தேடிப் போனாலும் எடுக்க இயலாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பாடசாலைகளில் பரவலாகப் பாவிக்கப்பட்ட 'பிட்ஸ்ட்ரிப்ஸ்' என்ற தளத்துக்கும் 2016இல் இதே கதிதான். அந்த நிறுவனத்தை வேறொரு பெரிய நிறுவனம் வாங்கியது. பாடசாலைகளுக்கான தளம் மூடப்பட்டது.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தளம் வரும், போகும். பிள்ளை கற்றுக்கொண்ட கதை சொல்லும் திறமை போகாது. ஆகவே எந்தத் தளம் சிறந்தது என்று அலைவதை விடக் கதை சொல்லப் பழக்குவதே முக்கியம். செய்த கதையை உடனே படமாகப் போனில் இறக்கி வைக்க வேண்டும். முடிந்தால் ஒரு பிரதி அச்செடுத்துக் கொப்பியில் ஒட்டி வைக்க வேண்டும்.

முதலில் தாள், பிறகு போன்

'எங்கள் வீட்டில் டேட்டா இல்லையே, ரீலோட் போடவே காசு போதவில்லையே' என்று சில சகோதரிகள் கேட்பீர்கள். கவலை வேண்டாம். இந்தக் கலைக்கு முதல் தேவை ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான்.

இந்தியாவில் சரத் சர்மா என்பவரும் பின்லாந்தில் லெய்ப் பெக்கலன் என்பவரும் சாதாரண கிராமத்து மக்களுக்குச் சித்திரக்கதை செய்யப் பழக்கி வந்தார்கள். 2007இல் இருவரும் சேர்ந்து அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்கள். அவர்களுடைய முறை மிக எளியது. இரண்டு ஏ4 தாள்களை ஒட்டி ஒரு பெரிய தாளாக்குவது. அதில் நான்கு கட்டங்கள். கறுப்புப் பேனாவினால் வரைந்து, போட்டோ கொப்பி எடுத்து, பஸ் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் பாடசாலைச் சுவரிலும் ஒட்டி விடுவது. ஓவியர் தேவையில்லை, அச்சகம் தேவையில்லை. தன் ஊர்ப் பிரச்சினையைத் தன் கையால் வரைந்து தன் ஊராருக்கே காட்டுவது. அவ்வளவுதான்.

நான்கு கட்டங்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதற் கட்டத்தில் யார், எங்கே என்பது தெரிய வேண்டும். இரண்டாவதில் பிரச்சினை தலைகாட்ட வேண்டும். மூன்றாவதில் அது முற்ற வேண்டும். நான்காவதில் ஒரு முடிவு வர வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு செயல்தான். ஒரு குமிழியில் ஒன்றிரண்டு வசனங்கள்தான். முதலில் பேசுபவரை இடப்பக்கம் வைக்க வேண்டும், அவருடைய குமிழி சற்று மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதில் முதலிலும் கேள்வி பின்பும் வாசிக்கப்படும்.

தாளில் இப்படி இரண்டு மூன்று கதை செய்த பிள்ளையிடம் பிறகு போனைக் கொடுங்கள். என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனைத் திறக்கும் பிள்ளை வேறு. என்ன வருகிறதென்று பார்க்கத் திறக்கும் பிள்ளை வேறு.

தளங்களிலுள்ள ஆயத்தப் படங்கள் பெரும்பாலும் மேல்நாட்டு வீடுகளையும் உடைகளையும் கொண்டவை. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணையும், லயன் வீட்டையும், முந்தானையால் தலையை மூடிய நம் உம்மம்மாவையும் அங்கே தேடிக் களைத்துப் போக நேரிடும். அதற்காகக் கதையை மாற்ற வேண்டியதில்லை. பிள்ளை தாளில் வரைந்ததைப் போனில் படம் எடுத்துக் கட்டத்துக்குள் வைத்துவிடலாம். கட்டளை எழுதினால் கணனியே படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் இப்போது வந்துவிட்டது. அது அழகாக வரையும்; ஆனால் நம் பசறை வீதியையும் நம் குசினியையும் அது கண்டதில்லை. கண்ட பிள்ளை வரையும் கோணல் கோட்டுக்குத்தான் இங்கே மதிப்பு.

மீரியபெத்தை சொல்லும் பாடம்

இது பொழுதுபோக்குத்தானே என்று நினைப்பவர்கள் நம் மாகாணத்தில் நடந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டம் ஹல்துமுல்லை பிரதேசத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. காலையிலேயே பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இருக்கவில்லை, பெற்றோரும் இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை மக்களை இடம்பெயர வைக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போயின.

மலை சரியுமுன் பல வேளைகளில் அடையாளம் காட்டும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழும். மரமும் மின்கம்பமும் சாயும். கதவும் ஜன்னலும் திடீரென்று இறுகி மூட மறுக்கும். ஊற்று நீர் கலங்கி வரும்; புதிய இடத்தில் நீர் கசியும்; அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு மூன்று கட்டங்களாக எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேறிவிட வேண்டும்.

இந்தச் செய்தி ஓர் அறிக்கையில் இருந்தால் எத்தனை பேர் வாசிப்பார்கள்? விடியற்காலை கொழுந்து பறிக்கப் போய் மாலையில் களைத்து வரும் ஒரு தாய் வாசிப்பாளா? ஆனால் தன் பிள்ளை வரைந்து, லயன் சுவரில் ஒட்டிய நான்கு கட்டங்களை அவள் நின்று பார்ப்பாள். அது இப்படி இருக்கலாம்:

முதற் கட்டம்: வெளியே மழை. பிள்ளை குசினிச் சுவரைக் காட்டுகிறது. "உம்மா, இந்த வெடிப்பு நேத்து இவ்வளவு நீளமா இருக்கல்லையே?"

இரண்டாம் கட்டம்: வாசலில் மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது. ஊற்றுத் தண்ணீர் செம்மண் நிறம். "தண்ணியும் கலங்கி வருது, உம்மா!"

மூன்றாம் கட்டம்: உம்மா போனில் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் பேசுகிறார். வாப்பா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "அண்ணே, பிள்ளைகளத் தூக்கிட்டு வாங்க. சாமான் பிறகு பார்ப்பம்."

நான்காம் கட்டம்: பாடசாலை மண்டபம். இரண்டு குடும்பமும் ஒரே பாயில். தூரத்தில் மலை. "வீடு அங்க இருக்கு. நாங்க இங்க இருக்கோம், அல்ஹம்துலில்லாஹ்."

ஒரு பத்து வயதுப் பிள்ளையால் இதைச் செய்ய முடியும். செய்த பிள்ளை அந்த அடையாளங்களை மறக்காது. பார்த்த அயலாரும் மறக்க மாட்டார்கள். நம் கடைத்தெருவுக்கும் தோட்டத்துக்கும் இடையே ஓடும் பிள்ளைகளின் நட்புக்கு இதைவிடப் பெரிய பயன் வேறென்ன?

தமிழுக்கும் நன்மை

'காமிக்ஸ் செய்தால் படிப்புக் கெடும்' என்ற பயமும் சிலருக்கு உண்டு. ஆசிரியன் என்ற முறையில் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரியில் பென்சிலைக் கீழே வைக்கும் பிள்ளை, இருவர் பேசுவதை எழுதச் சொன்னால் எட்டு வரி எழுதிவிடும்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. குமிழிக்குள் நாம் வீட்டில் பேசும் தமிழ் வரும்: "உம்மா, எங்க போறீங்க?" கட்டத்தின் மேலே கதை சொல்லும் சிறு பெட்டியில் எழுத்துத் தமிழ் வர வேண்டும்: 'உம்மா சந்தைக்குப் புறப்பட்டார்.' பேச்சு மொழிக்கும் எழுத்து மொழிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க இதைவிட இலகுவான பாடம் இல்லை. தோட்டத்துப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சை எழுதட்டும், நம் பிள்ளை தன் வீட்டுப் பேச்சை எழுதட்டும். இரண்டையும் இருவரும் வாசித்துச் சிரிக்கட்டும். பிறகு அதே படங்களை வைத்துக்கொண்டு குமிழிகளை மட்டும் வெறுமையாக்கிச் சிங்களத்தில் எழுதிப் பார்க்கலாம், ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம். பதுளையில் வாழும் பிள்ளைக்கு மூன்று மொழியும் தேவைதானே.

இங்கே ஒரு சிறு தொழில்நுட்ப விடயம். நம் நாட்டில் கணனியில் தமிழ் தட்டியவர்கள் நீண்ட காலம் பாமினி எழுத்துருவைப் பாவித்தோம். இந்தத் தளங்களுக்கு யூனிகோட் தமிழ்தான் பொருந்தும். போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் போதும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 முதல் போன்களில் தமிழ் எழுத உதவி வருகிறது. ஒரு தளத்துக்குக் காசு கட்டுமுன், ஒரு குமிழியில் 'கொழுந்து' என்று எழுதிப் பாருங்கள். எழுத்துகள் பிரிந்து சிதறினால் அந்தத் தளம் நமக்குச் சரிவராது.

உருவம் வரையலாமா?

மௌலவியிடம் இதைக் கேட்காமல் நீங்கள் விடமாட்டீர்கள். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றிக் கண்டிப்பான ஹதீஸ்கள் உள்ளன என்பதை நாம் அறிவோம். அதே வேளை, ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளோடு விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் ஸஹீஹான ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. சிறுவரின் விளையாட்டுக்கும் கல்விக்கும் சலுகை உண்டு என்று கூறும் அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர். திரையில் தோன்றும் படங்கள் பற்றியும் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நபிமார்களைப் படமாக வரைவது கூடாது என்பதில் மட்டும் பிள்ளைகள் தெளிவாக இருக்க வேண்டும். மற்றவற்றில் நீங்கள் நம்பிப் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

பேணுதலாக இருக்க விரும்பும் குடும்பங்களுக்கும் வழி அடைபடவில்லை. வரைவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதாக புகாரியில் வருகிறது. கேத்தலும் கோப்பையும் பேசும் கதை செய்யலாம். பழைய குடையும் புதிய குடையும் சண்டை பிடிக்கலாம். பதுளைப் புகையிரதம் தெமோதரை வளைவில் தன் கதையைத் தானே சொல்லலாம். இப்படிச் செய்யும்போது கற்பனை இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

கோடுகளால் பாடம் சொல்வது நமக்கு அந்நியமானதுமல்ல. நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவே ஒரு கோடு. அது சதுரத்தைக் கடந்து வெளியே நீண்டது. நடுக்கோட்டின் பக்கங்களில் சிறு சிறு கோடுகள். நடுவிலிருப்பவன் மனிதன், சூழ்ந்திருப்பது அவனுடைய மரணத் தவணை, வெளியே நீள்வது அவனுடைய ஆசை, சிறு கோடுகள் அவனைத் தாக்கும் சோதனைகள் என்று விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸை ஓதும் மாணவர், கரும்பலகையில் வரைந்து பார்க்காமல் அதை விளங்கிக்கொள்வது கடினம்.

தாய்மார் கவனத்துக்கு

இந்தத் தளங்களில் சேருமுன் சில விடயங்களைக் கவனியுங்கள். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். பல தளங்கள் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தாமாகக் கணக்குத் திறப்பதை அனுமதிப்பதில்லை. ஆசிரியர் வகுப்பாகச் சேர்த்தால் வழியுண்டு. பிள்ளையின் முழுப் பெயர், பாடசாலை, வீட்டு முகவரி, முகப்படம் எதுவும் கதைக்குள் போகக் கூடாது. பெண் பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் முக்கியம். கதையை எல்லோரும் பார்க்க வெளியிடாமல், படமாக இறக்கிக் குடும்ப வட்ஸ்அப்பில் மட்டும் பகிருங்கள். நேரத்தையும் வரையறுங்கள். ஒரு கதை முடிந்ததும் போன் மேசைக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொன்று. சித்திரக்கதை கூர்மையான ஆயுதம். வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளையையும், கறுப்பாக இருக்கும் தோழியையும், பிடிக்காத ஆசிரியையையும் கேலிச் சித்திரமாக்கி அனுப்பச் சில நிமிடம் போதும். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது. அந்த வசனத்தின் கருத்தைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். படத்தில் வருபவர் அதைப் பார்த்தால் தானும் சிரிப்பாரா, அல்லது அழுவாரா என்று ஒரு கணம் யோசிக்கப் பழக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வாசகி நீங்களாக இருங்கள். அடுப்படியில் வேலையாக இருந்தாலும் கையைத் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். எழுத்துப் பிழையை முதலில் சொல்லாதீர்கள். "இதுல இவ ஏன் அழுறா?" என்று கேளுங்கள். பிள்ளை வாயால் சொல்லத் தயங்கிய ஏதோ ஒன்று, வகுப்பில் கிடைத்த அடியோ, வழியில் ஏற்பட்ட பயமோ, பசியோ, அந்த நான்கு கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கலாம். கேட்கும் தாய்க்கு அது வெளிவரும்.

இந்தப் பாடசாலை விடுமுறையில் ஒரு தாளை நான்காக மடித்துப் பிள்ளையின் முன்னால் வையுங்கள். 'நீ கண்ட ஒன்றை எனக்குக் காட்டு' என்று மட்டும் சொல்லுங்கள். முதற் கதை கோணலாக வரும். நான்காவது கதையைப் பக்கத்து வீட்டாருக்குக் காட்ட நீங்களே எடுத்துச் செல்வீர்கள், இன்ஷா அல்லாஹ்.